கடிகாரம் பழுதுநீக்குவோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு மழையில் போயின. புதிதாக இருவர் சேர்ந்தார்கள். சந்தா பாக்கிக்காரர்கள் அதைவிட அதிகம். பெயரைப் படிக்க வேண்டாம் என்று பொருளாளர் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

ஒரு குறையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆவணிக் கூட்டத்துக்குப் பேச வந்த ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், நம் கூடத்துச் சுவரில் இருக்கும் இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார். பெண்டுலம் பத்து நிமிடம் பின்னால், குவார்ட்ஸ் மூன்று நிமிடம் முன்னால். "இதில் எதை நம்பி நான் ஆரம்பிக்க?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. சாவி கொடுப்பது யார் பொறுப்பு என்று அதுவரை நாம் முடிவு செய்திருக்கவில்லை.

அவர் பேசியது அணுக் கடிகாரத்தைப் பற்றி. ஆண்டிலேயே உருப்படியாக நடந்தது அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

நம் தொழிலிலிருந்தே தொடங்கினார். வீட்டுப் பட்டாலையில் தொங்கும் பழைய கடிகாரம் சித்திரையில் பின்தங்கும், மார்கழியில் முந்தும். நாம் நட்டைத் திருகிக் குண்டை ஏற்றி இறக்குவோம். இரும்புத் தண்டு பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால் நாளொன்றுக்கு ஐந்து விநாடி போச்சு. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமும் வெயிலுக்கும் வயதுக்கும் பிசகத்தான் செய்கிறது. ஆனால் சீசியம்-133 என்ற உலோக அணுவை எந்த நாட்டில் எடுத்தாலும் ஒன்றுக்கொன்று அச்சு அசல். தேய்மானம் கிடையாது.

அந்த அணுவின் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். அதுவும் ஒரு சின்னக் காந்தம், கருவும் ஒரு சின்னக் காந்தம். இரண்டும் ஒரே பக்கம் பார்ப்பதற்கும் எதிரெதிரே பார்ப்பதற்கும் ஆற்றலில் நூலிழை வித்தியாசம். விநாடிக்கு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் மைக்ரோ அலை பட்டால்தான் அணு ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவும். 1967 முதல் விநாடி என்பதே இந்த எண்ணிக்கைதான். இங்கிலாந்தில் எஸ்ஸென், பாரி இருவரும் 1955-இல் இதை ஓடும் கடிகாரமாக்கினார்கள்.

உள்ளே நடப்பது இது. சின்ன அடுப்பில் சீசியத்தை ஆவியாக்கி, காற்றில்லாத குழாய்க்குள் பாயவிடுகிறார்கள். குவார்ட்ஸிலிருந்து பிறக்கும் மைக்ரோ அலை அதன்மேல் படுகிறது. எத்தனை அணுக்கள் தாவின என்று மறுமுனையில் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் குவார்ட்ஸ் பிசகுகிறது என்று பொருள். உடனே இழுத்துச் சரிசெய்வார்கள். ரங்கூன் கடையில் ஏடு எழுதும் அடுத்தாள் குவார்ட்ஸ் என்றால், தப்பைப் பிடித்துத் திருத்தும் மேலாள் சீசியம். இந்த உவமை என்னுடையது, பேராசிரியர் பொறுப்பல்ல.

"சீசியம் பார்க்க எப்படி சார் இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். வெளிறிய தங்க நிறமாம். 28.5 டிகிரியிலேயே உருகிவிடும், அதாவது நம் ஊரில் பெரும்பாலான நாள் குழம்புதான். தண்ணீர் பட்டால் வெடிக்கும். நம் மேசையில் வைக்கிற சரக்கல்ல.

சீசியத்துக்குப் பதில் ருபீடியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்யும் கடிகாரம் சிக்கனம், கைக்கடக்கம். செயற்கைக்கோளில் அதுதான் அதிகம் போகிறது. நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் 2023 மே 29 அன்று இடம் காட்டும் என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் ஏறியது. அந்தக் கடிகாரம் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். மேப் பார்த்து அரண்மனைக்குப் போகிறவர் வேறு தெருவில் நிற்பார்.

புதிதாக வந்திருப்பது ஸ்ட்ரான்ஷியம், தீபாவளி மத்தாப்பில் சிவப்பு தருகிற அதே சரக்கு. மைக்ரோ அலைக்குப் பதில் லேசர் ஒளி. விநாடிக்குச் சுமார் 429 லட்சம் கோடி அதிர்வு. பிரபஞ்சத்தின் வயது முழுக்க ஓடினாலும் ஒரு விநாடிகூடப் பிசகாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்திய நேரத்தைக் காப்பது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நம் ஊர் சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, அது உடன்பிறப்பு, இரண்டும் ஒரே ஆய்வு மன்றத்தின் கீழ் உள்ளவை. அப்புறம் நாம் வெட்கப்பட்டு ஒரு தீர்மானம் போட்டோம்: திங்கட்கிழமைதோறும் கூடத்துக் கடிகாரங்களைத் தில்லி நேரத்தோடு ஒத்துப்பார்த்துச் சாவி கொடுப்பது செயலாளர் வேலை.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். தேநீர்ச் செலவைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

இன்று காலை பெண்டுலத்தைப் பார்த்தேன். போன திங்கட்கிழமை வைத்தது, 40 விநாடி பின்னால். சித்திரை அல்லவா. நட்டை அரைச் சுற்று திருகியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்