சத்தம் யாக்கோபின் சத்தம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குப் பாதிக் காரணம் என் சோம்பல். மீதி, கடைசிப் பக்கத்தில் நீ போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் தொடர்ந்து பத்து நிமிடம் பேசினால் தொண்டை கம்மிவிடுகிறது, அப்புறம் மாலைவரை வெறும் காற்றுதான் வரும். அதனால்தான் கடிதம்.

முப்பது வருட வேலையை முடித்து வெளியே வந்த மறுவாரம், ஏதோ ஒரு படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்கு எதிரே பேனா நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். பழைய பதவியை எழுதினால் பொய், 'ஓய்வு' என்று எழுதக் கை வரவில்லை. விளையாட்டாகத்தான் சொல்லியிருந்தாய். அதற்குக் கீழேதான் அந்த வரி: 'உனக்கென்ன, விசுவாசம் இருக்கிறது. நீ யார் என்று உனக்குத் தெரியும்.'

தெரியாதடி. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

குரலை இயக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே போகிறதாம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது பாதிக்கப்படலாம் என்று மருத்துவர் முதலிலேயே விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். யார் மேலும் குறை இல்லை. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி ஆகிவிட்டேன். பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது, பாட்டு திரும்பவில்லை.

இருபத்திரண்டு வருடம் பாடகர் குழுவில் நின்றவள், முதன்முறையாகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் தனியாகப் பாடிவந்த பாட்டை அன்று ஒரு சின்னப் பெண் பாடினாள். அவள் உச்ச ஸ்தாயியில் எங்கே தடுமாறுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் தடுமாறவே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் இன்னொன்றும் உறைத்தது: அந்தப் பாட்டில் 'உம்மையே நம்பியிருக்கிறேன்' என்று ஒரு வரி வரும். எத்தனை தடவை பாடியிருப்பேன்! அந்த இடத்தில் எப்போதும் என் கவனமெல்லாம் மூச்சை எங்கே விடுவது என்பதில்தான் இருந்திருக்கிறது.

மனிதர்கள் என்னைப் பாட்டுக்காரி என்று சொன்னது பெரிய விஷயமில்லை. கடவுளுக்கு முன்னால் போகும்போதும் அதே அடையாள அட்டையைத்தான் நீட்டியிருக்கிறேன். 'ஆண்டவரே, நான்தான், உமக்காகப் பாடுகிறவள்.' அட்டை பறிபோனதும் உள்ளே நுழையவே தயக்கமாகிவிட்டது. எட்டு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்தான்.

அகஸ்டின் என்ற பழைய காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பிறகு ஒருவர் சொல்லித் தெரிந்தது. மனுஷன் கி.பி. 387-இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றவர். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து, பிஷப்பாகவும் ஆன பிறகு, தன் வாழ்க்கையைக் கடவுளிடம் அறிக்கையிட்டு ஒரு நூல் எழுதுகிறார். அதன் பத்தாம் பாகத்தில், ஆலயத்தில் பாடப்படுகிற பொருளைவிடப் பாடுகிற குரல் தன்னை அதிகம் அசைத்துவிடுகிறது என்று வெட்கப்படுகிறார். அங்கேதான், 'உம் கண்களுக்கு முன் நானே எனக்கு ஒரு கேள்வியாகிவிட்டேன்' என்கிற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. பிஷப் ஆனவருக்கே அப்படி. கேட்டுக்கொண்டிருந்தவருக்கே அந்த வெட்கம் என்றால், பாடிக்கொண்டிருந்தவள் என்ன சொல்வது?

ஆனால் என்னை உண்மையில் பிடித்து உலுக்கியது வேதத்தில் வருகிற யாக்கோபுதான். ஞாயிறு பள்ளியில் நாம் இருவரும் சேர்ந்து படித்த கதை. கண் மங்கிய தகப்பனிடம் ஆசீர்வாதத்தைத் தட்டிக்கொள்ள, அண்ணனின் உடுப்பையும் கைகளில் ஆட்டுத்தோலையும் போட்டுக்கொண்டு போகிறான். ஈசாக்கு, 'நீ யார், என் மகனே' என்று கேட்கிறார். 'நான் உமது மூத்த மகனாகிய ஏசா.' கிழவருக்குச் சந்தேகம். தடவிப் பார்த்துவிட்டு, 'சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்' என்கிறார். உடுப்பை மாற்றினவனுக்குக் குரலை மாற்ற முடியவில்லை, பார். எனக்கு நேர்மாறாக நடந்தது. குரல்தான் என் ஆட்டுத்தோல்.

அப்புறம் அவன் ஓடிப்போகிறான். இருபது வருடம் தாய்மாமன் லாபான் வீட்டில் உழைக்கிறான், மனைவிகள், பிள்ளைகள், மந்தைகள். திரும்பி வரும் வழியில் யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுக்க ஒருவர் அவனோடு போராடுகிறார். அவன் மறுபடியும் ஆசீர்வாதம் கேட்கிறான். அதற்கு அவர் கேட்பது, 'உன் பேர் என்ன?' தெரியாமலா கேட்டிருப்பார்? இருபது வருடத்துக்கு முன்னால் ஆசீர்வாதம் கேட்டு வந்து நின்றபோது எந்தக் கேள்விக்குப் பொய் சொன்னானோ, கிட்டத்தட்ட அதே கேள்வி. இந்தத் தடவை 'யாக்கோபு' என்கிறான். குதிகாலைப் பிடித்தவன், ஏய்த்தவன் என்பதெல்லாம் அந்தப் பேருக்குள்ளேயே இருக்கிறது. பேரைச் சொன்னதே பாவ அறிக்கை மாதிரிதான். அதைச் சொன்ன பிறகுதான் இஸ்ரவேல் என்ற புதுப் பேர் வருகிறது.

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தேன். எட்டு மாதம் கழித்து வாயிலிருந்து வந்த முதல் ஜெபம் என்ன தெரியுமா? 'நான் பொறாமைக்காரி.' அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் யாரோ ரொம்ப நாளாக இந்தப் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. படுத்துத் தூங்கிவிட்டேன்.

'உன்னையே நீ தேடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் வேதம் மட்டும் உன்னை அழித்துக்கொள் என்கிறது' என்று முன்பு ஒரு கடிதத்தில் சண்டை பிடித்தாய். சபையில் 'இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்' என்ற வசனத்தை வைத்து மனிதர்களை, குறிப்பாகப் பெண்களை, வாயடைக்கச் செய்வதை நானும் பார்த்திருக்கிறேன். அதில் உனக்குள்ள கோபம் நியாயம். ஆனால் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு அதை எழுதின அப்போஸ்தலர் பவுலைப் பார். நடுவில் ஒரே ஒரு வசனம் விட்டு, 'புத்தியில்லாத கலாத்தியரே' என்று சீறுகிறார். ஆள் எங்கேயும் காணாமல் போகவில்லை! அதே கோபக்காரர், அதே வாதக்காரர். தான் இன்னார் என்று நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டிய அவசரம் மட்டும்தான் செத்துப்போயிருக்கிறது.

உன் 'தொழில்' கட்டத்தைப் படித்ததும் எனக்கு யோர்தான் நதிதான் நினைவுக்கு வந்தது. இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது, 'இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்' என்று வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. மத்தேயு சுவிசேஷத்தைப் புரட்டிப் பார்த்தேன்: அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வந்து, 'நீர் தேவனுடைய குமாரனேயானால்' இந்தக் கல்லுகளை அப்பமாக்கும் என்கிறான். செய்துகாட்டு, அப்போதுதான் நீ மகன் என்று. அந்த 'ஆனால்' என்ற ஒட்டுச்சொல்லை நான் இருபத்திரண்டு வருடம் என் பேரோடு சேர்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

உடனே நீ கேட்பாய்: சரி, இப்போது மாறிவிட்டாயா என்று. யாக்கோபின் தாத்தா ஆபிராமுக்கு ஆபிரகாம் என்று பேர் மாறின பிறகு, வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் அவர் எப்போதும் ஆபிரகாம்தான். யாக்கோபின் கதை அப்படியில்லை. புதுப் பேர் கிடைத்த பிறகும் பாதி நேரம் யாக்கோபு என்றே எழுதப்பட்டிருக்கிறது. தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நொண்டித்தான் விடியலில் நடந்து போகிறான். எனக்கு அது ஆறுதல். போன மாதம் அந்தச் சின்னப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, அந்த வரியில் மூச்சை எங்கே விடவேண்டும் என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். முழு மனதோடு என்று சத்தியம் பண்ணமாட்டேன், முக்கால் மனதோடு. போன ஞாயிறு அவள் பாடினபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். 'உம்மையே நம்பியிருக்கிறேன்' என்ற வரி வந்தது. கரகரத்த குரலில் நானும் கூடச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

மற்றபடி நலம். மருத்துவர் குரலுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். காலையில் ஒரு கால் மணி நேரம் 'ஆ, ஈ, ஊ' என்று நான் செய்வதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உன் மகள் ஊர் மாறிப்போனது பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாய், அடுத்த கடிதத்தில் அதை விரிவாக எழுது.

அப்புறம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டாயா, இன்னும் மேஜைமேல் கிடக்கிறதா? கொடுத்துவிட்டாய் என்றால் அந்தக் கட்டத்தில் என்னடி எழுதினாய்?

என்றும் அன்புடன்,
உன் பழைய பாட்டுக்காரி