படுவான்கரையில் இருந்து கம்பஸ் போகிற தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. சந்தோசம். வாவியின் மேற்குக் கரையில், நம் படுவான்கரையில் இருக்கிற கொக்கட்டிச்சோலைக்கும் கம்பஸ் இருக்கிற வந்தாறுமூலைக்கும் அவ்வளவு தூரம் இல்லை. மண்முனைப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏறாவூர், செங்கலடி தாண்டிப் போகிற வாழைச்சேனை பஸ் ஒன்று. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் கம்பஸுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பள்ளியில் நாலு நாள் வராவிட்டால் ரீச்சர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். கம்பஸில் யாரும் தேடமாட்டார்கள். விதிகளை ஒரு கையேட்டில் அச்சடித்துத் தந்துவிட்டு, நீ வாசித்துவிட்டாய் என்றே எடுத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் வகுப்புச் சித்தியை (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு) இழப்பது பாடம் விளங்காமல் அல்ல. பெரும்பாலும் ஒரு திகதியை, ஒரு கையொப்பத்தைத் தவறவிட்டுத்தான். அதனால் இந்தக் கடிதத்தில் படிப்பைப் பற்றிக் கொஞ்சமும், கணக்கைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் பதிவு. இது இரண்டு தரம் நடக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் குறித்த திகதிக்குள் கட்டணம் செலுத்திப் பதிவது ஒன்று. அதன் பிறகு பல்கலைக்கழகமே கூப்பிட்டு நடத்துகிற பதிவு மற்றது. முதலாவதை முடித்துவிட்டு "எல்லாம் சரி" என்று வீட்டில் இருக்கிற ஆட்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். ஆணைக்குழுவின் திகதி தப்பினால் இடம் வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கு. இன்னொன்று: மூன்றாம் தரம் ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுதி வேறு பீடம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதைப் பதிவதற்கு முன்னே யோசித்துக்கொள். ஒரு பாடநெறிக்குப் பதிந்தவரை அடுத்த வருஷத் தெரிவில் எடுக்கமாட்டார்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஏ/எல் பெறுபேற்றுச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக விரலால் தொட்டு வாசி. தர்ஷிகா என்று ஒரு பெயரை எடுத்துக்கொள். ஆங்கிலத்தில் ஒரு தாளில் டி, எச் என்று தொடங்கும், இன்னொன்றில் டி மட்டும் நிற்கும். நடுவில் ஒரு இடத்தில் எஸ், எச், மற்ற இடத்தில் வெறும் எஸ். அப்பாவின் பெயர் ஒரு தாளில் முழுதாக இருக்கும், மற்றதில் முதலெழுத்து மட்டும். பதிவில் போகிற எழுத்துக்கூட்டல்தான் படிப்பு முடிந்து பட்டச் சான்றிதழில் வரும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்க வேண்டி வரலாம். அவரிடம் போகும்போது அடையாள அட்டையையும் கொண்டுபோய் "இதே எழுத்தில் போடுங்க" என்று சொல். சொல்லாவிட்டால் அவர் தனக்குச் சரியென்று பட்ட எழுத்தைப் போடுவார். மூன்று விதம் நாலாகும். வித்தியாசம் ஏற்கெனவே இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்.

மூலப் பிரதிகளை ஒரு பிளாஸ்ரிக் கோவையில் போடு. ஒவ்வொன்றிலும் 5 போட்டோகொப்பி எடுத்து, அதிபரிடமோ சமாதான நீதவானிடமோ ஒரே நாளில் உறுதிப்படுத்து. போனில் படம் எடுப்பது போதாது. கடையில் ஸ்கேன் செய்து பி.டி.எப் ஆக்கி, உன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வை. போன் தொலையும், மின்னஞ்சல் தொலையாது.

மஹாபொல புலமைப்பரிசில். இதற்கான விண்ணப்பம் தனி, பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு தானாக வராது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாவாகவும், மஹாபொல கிடைக்காதவர்களுக்கான உதவிப் பணத்தை 6,500 ரூபாவாகவும் கூட்டினார்கள். குடும்ப வருமானத்தைக் கிராம சேவையாளர் எழுதி, பிரதேச செயலாளர் உறுதிப்படுத்த வேண்டும். உங்களுக்கு அது மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகம். வயல்காரக் குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். மாதச் சம்பளம் இல்லாததால் ஆளுக்கொரு தொகை சொல்லுவார்கள்: அப்பா கந்தோரில் ஒன்று, நீ படிவத்தில் ஒன்று. பெரும்போகம், சிறுபோகம் இரண்டையும் சேர்த்து, வயல் எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தம்பி தங்கச்சிமார் படித்தால் அவர்களின் பள்ளிக்கூடத்தில் இருந்து அதிபரின் கடிதமும் எடு. காசு முதல் மாதமே வராது. முதல் மூன்று மாதச் செலவுக்கு வேறு வழி பார்த்து வைக்கச் சொல்லி அப்பாவிடம் இப்போதே சொல்.

இனி வரவு, அதாவது வகுப்புக்குப் போவது. மிச்சம் எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

பெரும்பாலான பாடங்களுக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். 80 வீதம் என்று சொல்லும்போது தாராளமாகக் கேட்கும். கணக்குப் போட்டுப் பார். பாடத்தின் அளவைக் கிரெடிட்டில்தான் சொல்லுவார்கள்; விரிவுரையில் ஒரு கிரெடிட் என்றால் 15 மணித்தியாலம். இரண்டு கிரெடிட் பாடம் 30 மணித்தியாலம். கிழமைக்கு இரண்டு மணித்தியாலமாக 15 கிழமை. 80 வீதம் என்பது 24. மிச்சம் 6 மணித்தியாலம், அதாவது மூன்றே மூன்று நாள். செய்முறை இன்னும் இறுக்கம்: 30 மணித்தியாலத்தை மூன்று மூன்றாகப் பிரித்தால் 10 வகுப்பு, இரண்டு மட்டும் தவறலாம். சில செய்முறைகளில் ஒன்றுமே தவறக்கூடாது. உன் துறையில் எப்படி என்று முதல் கிழமையே கையேட்டைப் புரட்டிப் பார்.

அந்த மூன்று நாள் எங்கே போகும் என்றும் சொல்கிறேன். ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு, தான்தோன்றீஸ்வரர் தேர், யாராவது சொந்தக்காரரின் கலியாணம். செமிஸ்டர் மாரிக்குள் வந்தால் கார்த்திகை மார்கழியில் வெள்ளம் ஏறி, படுவான்கரையில் இருந்து பஸ் வராத நாட்கள். இடையில் ஒரு காய்ச்சல். நீ வேண்டுமென்று ஒரு நாள்கூட நிற்காமலே மூன்றும் முடிந்துவிடும். ஆகையால் முதல் ஆறு கிழமையில் ஒரு நாளும் விடாதே. சின்னக் கொப்பி ஒன்றில் பாடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வகுப்பு நடந்த திகதி, நீ போனாயா இல்லையா என்று எழுது. தகுதி இல்லாதவர்களின் பட்டியல் ஒட்டுவது பரீட்சைக்குக் கிட்டத்தில்தான். அப்போது தெரிந்து ஒன்றும் செய்ய இயலாது. ஒப்பத் தாள் உன்னிடம் வராமல் போனால் அன்றைக்கே விரிவுரையாளரிடம் சொல். கூட்டாளிக்காக ஒப்பம் வைக்கவும் வேண்டாம், வைக்கச் சொல்லவும் வேண்டாம். பிடிபட்டால் ஒழுக்காற்று விசாரணை இரண்டு பேருக்கும்தான்.

பரீட்சை நாளில் வருத்தம் வந்தால் என்ன செய்வது? வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் தனியார் மருத்துவரிடம் ஒரு துண்டு வாங்கி வருவதில் பெரும்பாலும் பலன் இல்லை. அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்கோ பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கோ போ. பீடத்துக்கு உடனே அறிவி. கையேட்டில் சொன்ன நாட்களுக்குள் சான்றிதழைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக உன் பிரதியில் ஒப்பம் வாங்கு. அது ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தரமாகவே கணக்கு, ஏ எடுத்தால் ஏ. ஏற்கப்படாவிட்டால் அது ரிப்பீட்; எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் போகாது. ஒரே காய்ச்சல், இரண்டு விதமான முடிவு.

புள்ளிக் கணக்கு இப்படி: ஏ 4.0, பி 3.0, சி 2.0, பிளஸ், மைனஸுக்கு 0.3 கூடும், குறையும். ஏ பிளஸுக்கு மட்டும் கூடுதல் இல்லை, அதுவும் 4.0. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் பிரித்தால் ஜி.பி.ஏ. வழமையாக 3.70 முதல் வகுப்பு, 3.30 இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00 கீழ்நிலை. இதில் பிள்ளைகள் விடுகிற பிழை ஒன்றுதான். ஒரு கிரெடிட் பாடத்தின் அசைன்மெண்டுக்கு விடிய விடிய அட்டை போட்டு அலங்காரம் செய்வார்கள். நாலு கிரெடிட் பாடத்தின் கணக்குத் தாளைக் கடைசி இரவுக்கு வைப்பார்கள். ஒரு கிரெடிட்டில் ஏ, நாலு கிரெடிட்டில் சி எடுத்தால் சராசரி 2.4. அதையே திருப்பி, ஒரு கிரெடிட்டில் சி, நாலு கிரெடிட்டில் ஏ எடுத்தால் 3.6. செமிஸ்டர் தொடங்கியதும் பாடங்களைக் கிரெடிட் ஒழுங்கில் எழுதிச் சுவரில் ஒட்டு. "முதல் வருஷம் எண்ணமாட்டாங்க" என்று யாராவது சொன்னால் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்.

கம்பஸில் பாடம் ஆங்கிலத்தில் என்றதும் நெஞ்சு இடிக்கும், தெரியும். ஆனால் நீ புதிதாகப் படிக்கப்போவது விசயத்தை அல்ல, பெயரைத்தான். ஏ/எல்லில் வகையீடு என்று செய்தது டிபரென்சியேசன், தொகையீடு இன்டகிரேசன், பிரசாரணம் ஒஸ்மோசிஸ். கொப்பியின் கடைசியில் இரண்டு நிரல் போட்டு, ஒவ்வொரு விரிவுரைக்கும் முன்னால் 15 சொல் எழுது. தமிழில் விளங்கிக்கொள், விடையை முதல் கிழமையில் இருந்தே ஆங்கிலத்தில் எழுது. தமிழில் எழுதி வைத்துப் பரீட்சைக்கு முன் மாற்றலாம் என்றால் மூன்று மணித்தியாலத் தாளில் அதற்கு நேரம் கிடையாது. சின்ன வசனமாக எழுது. பிழையான இலக்கணத்தை மன்னிப்பார்கள், எழுதாத விடைக்குப் புள்ளி போட முடியாது.

விளங்காத பாடத்துக்குக் குப்பி இருக்கும், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு. நல்ல வழக்கம். ஆனால் "எங்களோட சேராட்டிக் குப்பியும் இல்ல, பழைய பேப்பரும் இல்ல" என்று சில சீனியர்மார் அதையே தூண்டிலாக்குவார்கள். பழைய வினாத்தாள்களை நூலகத்தில் கேள், விரிவுரையாளரிடம் கேள். உன் பட்சிலேயே நாலு பேர் சேர்ந்து குப்பி நடத்தலாம்.

பகிடிவதையை வழக்கம் என்று சொன்னால் நம்பாதே, குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு 2 வருஷம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் 10 வருஷம் வரை. இப்போது பாதி ராக்கிங் இரவில் வட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. அழிக்காதே. திரையைப் படம் எடுத்து, திகதி, நேரம், இடம், ஆர் ஆர் நின்றார்கள் என்று அன்றிரவே எழுதி, வீட்டில் ஒருவருக்கு அனுப்பு. மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், காவலர் அறை மூன்றின் இலக்கமும் போனில் முதல் நாளே இருக்க வேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் முறைப்பாடு செய்யலாம்.

விடுதி கிடைத்தால் எடு. கிடைக்காமல் செங்கலடிப் பக்கம் போர்டிங் பார்த்தால் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதே. முற்பணம் எவ்வளவு, போகும்போது திரும்ப வருமா, கரண்ட் பில் தனியா, லீவு மாதங்களில் முழு வாடகையா பாதியா என்று கேட்டு, விடையை ரசீதில் எழுதி வாங்கு. நுளம்பு வலை, வாளி, இரண்டு பூட்டு, டோர்ச், குடை. மெத்தை பிறகு பார்க்கலாம்.

பதிவு நாளில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடு. வாழைச்சேனை பஸ்ஸில் ஏறி "கம்பஸடி" என்றால் வாசலில் இறக்கிவிடுவார்கள். வரிசை நீளமாக இருக்கும், அம்மா வந்தால் வெயிலில் நிற்க வேண்டி வரும், தண்ணிப் போத்தலும் சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள். நீல, கறுப்புப் பேனை ஒவ்வொன்று, பாஸ்போட் அளவுப் படம் ஆறு, ஒரு சின்னப் பசை. படிவத்தில் படம் ஒட்டச் சொல்லுவார்கள்; பசையைத் தேடித்தான் பாதிப் பேர் வரிசையை விட்டுப் போவார்கள்.

அன்புடன்,
அக்கா