செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ராக் அண்ட் ரோல் கேட்ட வருஷம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் இசை கேட்போர் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாத அமர்வுகள் வழக்கம்போல ஞாயிறு மாலைகளில் நடந்தன. மழைக்காலத்தில் ஒரு அமர்வு மட்டும் தள்ளிப்போனது. சந்தா பாக்கி, வரவு செலவு எல்லாவற்றையும் பொருளாளர் வாசிப்பார். நான் அதற்குள் போகவில்லை.

வருஷம் முழுக்க ராக் அண்ட் ரோல், அதாவது 1950களில் அமெரிக்காவில் எழுந்த துள்ளல் இசை, கேட்பது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தபோது கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. "கச்சேரியும் பழைய சினிமாப் பாட்டும் கேட்கிற இடத்தில் இந்தச் சத்தம் எதற்கு?" என்றார்கள். அப்படிக் கேட்டவர்களே பிறகு முன்வரிசையில் இடம் பிடித்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ராக் அண்ட் ரோல் என்றதும் எல்லோரும் சொல்லும் வெள்ளைக்காரப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியில் தொடங்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு தள்ளிவைத்தது. நல்லதாகப் போயிற்று. முதல் அமர்வில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பைக் கேட்டோம். ஆர்கன்சா மாநிலத்துக் காட்டன் பிளான்ட்டில் 1915இல் பிறந்த கறுப்பினப் பெண், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். பாடுவது பக்திப்பாட்டு, கையில் இருப்பது மின் கிட்டார். 1944இல் அவர் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' பாட்டில், பத்து வருஷம் கழித்து உலகத்தையே ஆட்டிவைத்த அந்தத் துள்ளல் அப்படியே இருக்கிறது. 1964இல் மான்செஸ்டரில், ரயில் ஓடாத ஒரு பழைய நிலையத்தின் நடைமேடையில், மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு கிட்டாரை முழக்கிய காணொளியையும் போட்டோம். மறுபடி போடச் சொன்னார்கள், போட்டோம். 1973இல் இறந்த அவருக்கு ராக் அண்ட் ரோல் புகழ்க் கூடத்தில் இடம் கிடைத்தது 2018இல்தான்.

இரண்டாம் அமர்வில் 'ராக்கெட் 88' என்ற பாட்டு. 1951 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரத்தில், 706 யூனியன் அவென்யூவில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சின்னப் பதிவுக்கூடத்தில் எடுத்தது. மிசிசிப்பியிலிருந்து காரில் வந்த வழியில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டுவிட்டது. மழையில் நனைந்தது என்பார்கள், காரிலிருந்து விழுந்தது என்பார்கள். கிழிந்த ஸ்பீக்கருக்குள் செய்தித்தாளைத் திணித்து வாசித்தபோது எழுந்த கரகரப்பு ஃபிலிப்ஸுக்குப் பிடித்துப்போனது, அப்படியே விட்டுவிட்டார். வாசித்தது ஐக் டர்னரின் குழு. ஆனால் இசைத்தட்டில் அச்சானது, பாடிய சாக்சபோன்காரர் ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயர். டர்னருக்கு அந்த வருத்தம் போகவே இல்லை.

இதற்குப் பிறகு, தட்டின் நடுவிலுள்ள லேபிளைப் படிப்பது நம் அமர்வுகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. பாடியவர் யார், பாட்டு யாருடையது, காசு யாருக்குப் போனது? இந்த வருஷத்துப் பேச்சில் பாதி இதைச் சுற்றித்தான் நடந்தது.

1954 ஜூலையில் 19 வயது எல்விஸ் அதே பதிவுக்கூடத்தில் பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ரூடப்பின் பாட்டு. எல்விஸோடு இருந்தவர்கள் கிட்டாரில் ஸ்காட்டி மூர், பாஸில் பில் பிளாக், அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஃபிலிப்ஸ் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். க்ரூடப்போ கூலி வேலை செய்து பிழைத்து, தனக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகைக்குக் கடைசிவரை போராடி 1974இல் இறந்தார். கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டனின் 'ஹவுண்ட் டாக்' 1953இல் ஏழு வாரம், கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலருக்கு ஒரே ஒரு காசோலை என்று அவர் சொல்லியிருக்கிறார். கறுப்பினப் பாடகர் சக் பெர்ரி 1955இல் வெளியிட்ட 'மேபலீன்' லேபிளில், பாட்டில் ஒரு வரிகூட எழுதாத வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடும், தட்டு நிறுவனத்துக்கு வேண்டப்பட்ட ரஸ் ஃப்ராட்டோவும் பாட்டாசிரியர்களாக ஏறிக்கொண்டார்கள். தன் பெயரில் மட்டும் அந்தப் பாட்டைத் திரும்பப் பெற பெர்ரிக்கு 1986வரை ஆயிற்று. இந்தக் கணக்கு நம் தணிக்கையாளரிடம் வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று பொருளாளர் சொன்னதும் அரங்கமே சிரித்தது.

எல்விஸ் திருடன் என்று ஓர் உறுப்பினர் சூடாகப் பேசினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுப்பின மக்கள் ரொம்ப காலமாகவே இப்படித்தான் பாடிவருகிறார்கள் என்று 1956 பேட்டி ஒன்றிலேயே, க்ரூடப்பின் பெயரைச் சொல்லி, எல்விஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்டைப்பையை நிரப்பிக்கொண்டவர்கள் பெரும்பாலும் மேடைக்கு வராதவர்கள். கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் நியூ ஆர்லியன்ஸில் தொண்டை கிழியப் பாடிய 'டுட்டி ஃப்ரூட்டி'யையும், வெள்ளைக்காரப் பாடகர் பேட் பூன் இஸ்திரி போட்டதுபோலப் பாடிய அதே பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். பொதுப் பட்டியலில் பூனுடையதுதான் மேலே போனது என்றதும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

வானொலிக்கென்று ஒதுக்கிய அமர்வு எனக்கு மிகவும் பிடித்தது. நிறம் பிரித்து உட்காரவைத்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் வானொலி அலையை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ராத்திரியில் கறுப்பின நிலையங்களைத் திருப்பிவைத்துக் கேட்டார்கள். 1954இல் கையடக்க டிரான்சிஸ்டர் வானொலி வந்ததும் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் தலையணைக்கடியில் வைத்தும் கேட்கலாம் என்றாயிற்று. மெம்ஃபிஸில் டூயி ஃபிலிப்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் எல்விஸின் முதல் தட்டை ஒலிபரப்பிய இரவு, அவரை நிலையத்துக்கு வரவழைத்து எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டாராம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்த ஹ்யூம்ஸ் உயர்நிலைப் பள்ளி என்ற பதிலிலேயே, பாடியது வெள்ளைக்காரப் பையன் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. கிளீவ்லாந்தில் ஆலன் ஃப்ரீட் 1952 மார்ச் 21 அன்று வைத்த நடனக் கச்சேரிக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம் முண்டியடித்து, போலீஸ் வந்து பாதியில் நிறுத்தியது. மேபலீன் விஷயத்தில் அவரைத் திட்டியவர்கள்கூட இங்கே அவருக்குக் கைதட்டினார்கள். இரண்டும் நியாயம்தான். சிறுவயதில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் இந்தப் பாட்டுகளைப் பிடித்துக் கேட்ட நினைவை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று சொன்னார்.

1957 முதல் 1959 வரை ராக் அண்ட் ரோலுக்கு நடந்த சரிவை ஒரே அமர்வில் முடித்துவிட்டோம். லிட்டில் ரிச்சர்ட் சமயப் பணிக்குப் போனார், எல்விஸ் ராணுவத்துக்குப் போனார், 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் விமானம் விழுந்து பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், பிக் பாப்பர் மூவரும் மாண்டார்கள்.

அப்புறம் இங்கிலாந்து. 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகர் கையில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் தட்டுகளைப் பார்த்துத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார்; இருவரும் பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். 1964 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், நிறம் பிரித்து உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்றார்கள் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர். அன்று யாரையும் பிரித்து உட்காரவைக்கவில்லை. அமெரிக்கா தன் வீட்டுப் பாட்டையே இங்கிலாந்துக்காரர்கள் வழியாக மறுபடி கண்டுகொண்டது என்று நான் சொன்னதை இருவர் ஏற்கவில்லை. விவாதம் டீக்கடைவரை போனது.

மார்ச் அமர்வில், 1977இல் வாயேஜர் விண்கலங்கள் எடுத்துச் சென்ற தங்கத் தட்டிலிருந்து சில பாட்டுகளைக் கேட்டோம். பெர்ரியின் 'ஜானி பி. குட்' அதில் இருக்கிறது. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் இருக்கிறது. கச்சேரிப் பிரியர்களுக்கும் ராக் பிரியர்களுக்கும் இந்த ஆண்டில் சண்டை வராத ஒரே மாலை அதுதான்.

இனி நிர்வாகம். தட்டு சுழற்றியின் ஊசி தேய்ந்துவிட்டது. புதியது வாங்க ஒப்புதல் வேண்டும். இரவல் வாங்கிய தட்டுகளைத் திருப்பாதவர்கள் பெயரை இங்கே வாசிக்கவில்லை, இந்த மாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் வாசிக்கவும் மாட்டேன். பெண் உறுப்பினர்களின் வருகை கூடியிருக்கிறது. ஆனால் செயற்குழுவில் ஒருவர்கூட இல்லை. வரும் தேர்தலில் இதை மனத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டுக்கு ஜமைக்காவின் ஸ்கா, ரெகே இசை என்று ஒரு யோசனையும், நாகஸ்வர மரபு என்று இன்னொன்றும் வந்துள்ளன. இன்றே வாக்கெடுப்பு வைக்கலாம்.

அரங்கம் தந்தவர்களுக்கும், தங்கள் வீட்டுத் தட்டுகளை நம்பிக் கொடுத்தவர்களுக்கும், மாதந்தோறும் நாற்காலி போட்டு எடுத்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுத் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்