வண்டியைப் பற்றி, பிரபுவுக்கு

மடிப்பாக்கம்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள பிரபு,

போன் போட்டால் நீ கேட்கிற முதல் கேள்வி "வண்டி எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். நான் சொல்லத் தொடங்குவதற்குள் உனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் இன்றைக்குச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வண்டி நன்றாக இருக்கிறது. ஆகஸ்டில் நீ இந்த செகண்ட் ஹேண்ட் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது மீட்டரில் 8,400 கிலோமீட்டர். இப்போது 9,140. ஒரு கீறல் இல்லை.

போன வார மழையைப் பற்றி நியூஸில் பார்த்திருப்பாய். தெருவில் தண்ணீர் ஏறிவிடும் என்று பயந்து, திங்கட்கிழமை ராத்திரியே வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். நான்தான் ஓட்டினேன். எங்களுக்கு முன்னாலேயே இடது ஓரமாக வரிசையாக வண்டிகள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் காரைப் பூட்டிவிட்டுக் குடை பிடித்து நடந்து போனாள். சரிவில் நிறுத்தினதால் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, முன் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அபராதம் போடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் போடவில்லை என்று போலீஸே சொல்லிவிட்டார்கள். போட்டிருந்தாலும் கட்டியிருப்பேன்.

ஏன் அவ்வளவு பதற்றம் என்று நீ நினைக்கலாம். பழைய வண்டி எப்படிப் போனது என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. வெள்ளத்தில் போய்விட்டது என்று மட்டும்தான் சொன்னோம். வெள்ளத்தில் மட்டும் போகவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. 4ஆம் தேதி ராத்திரி தண்ணீர் கார் கதவின் கைப்பிடி வரை ஏறிவிட்டது. இரண்டு நாள் கழித்து வடிந்தது. கதவில் சேற்றுக்கோடு ஒன்று, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. ஆயாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கரண்ட் இல்லை, ஆட்டோ ஒன்றும் வரவில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்து, "ஒரு தடவை பார்க்கிறேன்" என்று சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்று என்றால் பிஸ்டன் அழுத்தினால் அமுங்கும், தண்ணீர் அமுங்காது; அதனால் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது என்று மெக்கானிக் பிரித்துக் காட்டினார். ஸ்டார்ட் பண்ணாமல் அப்படியே டோ பண்ணிக் கொண்டு வந்திருந்தால் தண்ணீரை எடுத்துக் காயவைத்துச் சரிசெய்திருக்கலாமாம். தண்ணீர் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று இன்சூரன்ஸ்காரர்களும் இன்ஜினுக்குப் பணம் தரவில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று பாலிசியில் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டுமாம், நாம் சேர்க்கவில்லை.

அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வண்டியின் சாவியையும் அவர் கையில் எடுத்ததில்லை. நீ இந்த வண்டியைக் கொண்டுவந்து நீட்டியபோதுகூட "அம்மாவிடம் கொடு" என்றார், ஞாபகம் இருக்கா?

அதனால் கேட்டுக்கொள். இந்த வண்டி நவம்பர் 2023இல் பதிவானது. இன்சூரன்ஸில் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி 3 வருடத்துக்கு இருக்கிறது, நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் ஒரு வருடம்தான், அது அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்பும், மாற்றுகிற பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருகிற ஜீரோ டெப்ரிசியேஷனும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். நீ விலை பார்த்துக் குறைக்கச் சொல்லாதே. வாங்கின 14 நாளுக்குள் பாலிசியை அப்பா பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதால் அதை அப்போதே முடித்துவிட்டேன். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, வண்டியோடு வராது, அது அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தையும் கட்டியாயிற்று.

சர்வீஸும் அடுத்த மாதம்தான். 10,000 ஓடவில்லையே என்று நீ சொல்வாய். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. ஓடாமல் நின்றாலும் ஆயில் கெடும். ஏ.சி. கிளீனிங், இன்ஜின் கோட்டிங் என்று சர்வீஸ்காரர்கள் ஒரு பட்டியலை இப்போதே அனுப்பியிருக்கிறார்கள். மேனுவல் புத்தகத்தில் ஒரு வருடத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்யச் சொல்லப் போகிறேன்.

இனி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் ஒவ்வொரு கடையாகப் பார்த்தோம். ஃபாக் லேம்ப் போட ஒரு கடையில் உட்கார்ந்தோம். அந்தப் பையன் ஹெட்லைட் வயரைப் பிளேடால் சீவி, அதிலிருந்தே இழுத்து டேப் சுற்றிவிடலாம் என்று பானெட்டைத் திறந்துவிட்டான். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது. கம்பெனி வயரை வெட்டினால் நாளைக்கு எந்த எலெக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் அதைக் காட்டியே கைவிரித்துவிடுவார்கள்.

பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பியும் வேண்டாம். மோதும்போது நசுங்க வேண்டிய இடம் நசுங்கவும், ஏர்பேக் சென்சார் அதை உணரவும் அந்தக் கம்பி விடாது. நடந்து போகிறவர் மேல் பட்டால் இன்னும் மோசம். 2017லேயே மத்திய அரசு இதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கருப்பு ஃபிலிமும் இல்லை. கண்ணாடியே முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும் என்பது விதி. 2012இல் சுப்ரீம் கோர்ட் அதன் மேல் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. நிறுத்தி வைக்கும்போது மட்டும் மாட்டிக் கழற்றுகிற துணித் திரை வாங்கியிருக்கிறேன், போதும்.

சீட் கவர் வாங்கினேன். முன் சீட்டின் ஓரத்திலேயே சைடு ஏர்பேக் இருக்கிறது. அந்த இடத்தில் பிரிந்து கொடுக்கிற தையல் போட்டதுதான் வேண்டும் என்று கேட்டு, தையலை விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஆயா தன் பிள்ளையாரை டாஷ்போர்டில் ஒட்டச் சொன்னாள். அவள் காட்டிய இடம் இடது பக்கம், சரியாக ஏர்பேக் மூடி மேலேயே. அது வெடித்துத் திறந்தால் பிள்ளையார் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வருவார். ஆயாவிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கியர் பக்கத்துல உக்காரட்டும், வழிய பாத்துக்குவாரு" என்றாள். அங்கேதான் இருக்கிறார்.

ஆயாவுக்காக இன்னும் இரண்டு வேலை செய்திருக்கிறேன். வண்டி உயரம், அவள் முழங்கால் மடங்காது. பழைய பலகை மணைக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்து டிக்கியில் வைத்திருக்கிறேன், வழுக்காது. மேலே இருக்கிற கைப்பிடி அவளுக்கு எட்டாது, அதில் ஒரு துண்டை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு மணையில் கால் வைத்து யார் கையும் இல்லாமல் ஏறுகிறாள். நீ சொன்ன பெரிய ஸ்கிரீனும் கலர் லைட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கழுவுவதற்கு போர் தண்ணீரை விடுவதில்லை. காய்ந்தால் கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம், உப்பு முழுக்க அதில்தான் சேர்கிறது. மெட்ரோ தண்ணீரில் கழுவி, ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் துணி நனைத்துக் கடைசியாகத் துடைக்கிறேன். பளிச்சென்று இருக்கிறது. காக்கா எச்சம் பட்டால் அன்றைக்கே ஊறவைத்து எடுத்துவிட வேண்டும், சுரண்டக்கூடாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தையும் அன்று சாயங்காலமே துடைத்துவிட்டேன். ரிவர்ஸ் கேமராவில் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள், பின்னால் எடுக்கும்போது திரை முழுக்கச் சிவப்பு!

எலிதான் பெரிய தொந்தரவு. போன மாதம் பானெட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்தில் பாதி தின்ற தேங்காய்ச் சில், வெங்காயத் தோல். வைப்பர் தண்ணீர் போகிற டியூபில் பல் பட்ட தடம். நல்ல வேளை, வயரைத் தொடவில்லை. குப்பைக்கூடையைக் கேட்டுக்கு வெளியே மாற்றிவிட்டேன். மழை இல்லாத ராத்திரிகளில் பானெட்டைத் திறந்தே வைக்கிறேன், எலிக்கு இருட்டும் கதகதப்பும்தான் வேண்டும். காலையில் எடுக்கும்போது இரண்டு தட்டு தட்டுகிறேன், பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே படுத்திருந்தால் ஓடிவிடும்.

தீபாவளிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். நைலான் கவரைக் கழற்றிவிட்டு வண்டியைப் போர்ட்டிகோவுக்குள் ஏற்றிவிடுவேன். ஒரு பொறி பட்டால் அந்தக் கவர் உருகிப் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மேம்பாலத்தில் விட்ட வண்டியை எடுக்க வியாழக்கிழமை காலையில் நானும் அப்பாவும் போனோம். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நாலு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்தார். இன்ஜின் எடுத்துக்கொண்டதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வீடு வரை அவர்தான் ஓட்டினார்.

இன்று காலையிலும் அவர்தான் எடுத்துக்கொண்டு போனார், காற்றுப் பிடிக்க. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் காற்றழுத்தம் 33 என்று போட்டிருக்கிறது. பங்க் பையன் பழக்கத்தில் 38 வைத்துவிடுவான், பக்கத்தில் நின்று பாருங்கள், ஸ்டெப்னியையும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

வாசலில் ஹாரன் கேட்கிறது. வந்துவிட்டார், கேட்டைத் திறக்க வேண்டும். அங்கே குளிர ஆரம்பித்திருக்கும், தலைக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா