நில அதிர்வு நிலையத்தின் ஜாதகத்தை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழனி மலையிலும் நீலகிரியிலும் நில அதிர்வு நிலையங்களைக் கூடுதலாக அமைக்க வேண்டும் என்று கோரி, அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. கோரிக்கை நியாயமானது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால், நம் பகுதியை அசையாத நிலம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், அந்த நிலையத்தைப் பற்றிய விவரங்களை எழுதி வைக்கவும் காலாகாலத்தில் திருத்தி வரவும் ஓர் ஆளையோ ஒரு தொகையையோ ஒதுக்குவதில்லை. அளவைக் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

துறையில் இதை மெட்டாடேட்டா என்பார்கள். எங்களுக்குள் நிலையத்தின் ஜாதகம் என்போம். அதிர்வுமானியிலிருந்து, பதிவுகளைச் சேகரிக்கும் மையத்துக்கு வந்து சேர்வது வெறும் எண்களின் வரிசைதான். நிலம் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால் உணரி எத்தனை வோல்ட் கொடுக்கும், அந்த வோல்ட்டைப் பதிவுப்பெட்டி எத்தனை எண்ணாக மாற்றும், எந்தெந்த அதிர்வெண்களை எவ்வளவு மட்டுப்படுத்தும், கருவி எந்த அட்சரேகை தீர்க்கரேகையில், எவ்வளவு உயரத்தில், எத்தனை அடி ஆழத்தில், எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது, இவையெல்லாம் எந்த நாள் முதல் எந்த நாள் வரை பொருந்தும் என்பது தெரிந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

இது புதிதாக முளைத்த தேவையன்று. கொடைக்கானலில் 1899 முதலே நில அதிர்வைப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். 1960களில் ஒரே வகைக் கருவிகளுடன் உலகெங்கும் நிறுவப்பட்ட நிலைய வரிசையிலும் கொடைக்கானல் இடம்பெற்றது. அந்தக் காலத்துப் புகைப்படத் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலையத்தின் பெயர், தேதி, கடிகாரத் திருத்தம், உருப்பெருக்கம் எல்லாம் அதே தாளில் முத்திரையிட்டு எழுதப்பட்டிருக்கும், கருவி சரியாக இருக்கிறதா என்று சோதித்த துடிப்பும் பதிவாகியிருக்கும். தாளும் ஜாதகமும் பிரியவே வழியில்லை. இன்று எண்கள் ஒரு கோப்பிலும் விவரம் வேறொரு கோப்பிலுமாக இருப்பதால், ஒன்று மாறும்போது மற்றொன்று மாறாமல் நின்றுவிடுகிறது.

நான் பணியாற்றிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், கொடைக்கானல் அன்று. காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு நிலையத்தில், ஐப்பசி மழையில் இடி விழுந்து பதிவுப்பெட்டி கருகிவிட்டது. கையிருப்பில் இருந்த வேறொரு பெட்டியை மாட்டிவிட்டு வந்தார்கள். பழைய பெட்டி 20 வோல்ட் வரை அளப்பது, புதியது 10 வோல்ட் வரை. ஆகவே அதே அசைவுக்கு எண்கள் இரட்டிப்பாக வரத் தொடங்கின. மையத்தில் இருந்த விவரக்கோப்பை யாரும் தொடவில்லை. மாதக்கணக்கில் அந்த நிலையம் மட்டும் ஒவ்வொரு சிறு அதிர்வின் அளவையும் 0.3 கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சுமத்ரா பக்கம் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: அத்தனை தொலைவிலிருந்து வரும் நீண்ட அலைகள் அண்டை நிலையங்களில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பதிவாக வேண்டும், இங்கே இரண்டு மடங்காக நின்றன.

சரி, என்றைக்கு மாற்றினார்கள்? நிலையத்துக் குறிப்பேட்டை எடுத்தோம். ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த அந்த நோட்டில், பென்சிலால் ‘பெட்டி மாற்றியாச்சு’ என்று ஒரு வரி. தேதி இல்லை, கருவியின் வரிசை எண்ணும் இல்லை. கடைசியில் அலுவலக ஜீப்பின் பயணப் பதிவேட்டைப் புரட்டி, வண்டி அந்த மலைக்குப் போன நாளைக் கண்டுபிடித்தோம். ஒரு விஞ்ஞானப் பதிவை ஓட்டுநரின் கையெழுத்து காப்பாற்றியது என்று இன்றும் வேடிக்கையாகச் சொல்வேன்.

இதைவிடச் சிறிய தவறுகளும் உண்டு. பழைய நிலவரைபடத்திலிருந்து எடுத்த இடக்குறிப்பை ஜிபிஎஸ் குறிப்பு என்று எழுதிவிட்டால், இரண்டும் பூமியின் வடிவமாக எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் கோளவுரு வேறு என்பதால் நிலையம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். மாற்றிய நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதாமல் நம் நேரத்தில் எழுதினால் ஐந்தரை மணி நேரத்துப் பதிவுக்குத் தவறான ஜாதகம் பொருந்திவிடும். இரண்டு கம்பிகள் இடம் மாறினால், தரை மேலே எழுந்தது கீழே இறங்கியதாகத் தெரியும். நிலத்தடிப் பாறைப் பிளவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற கணக்கே தலைகீழாகும்.

விவரங்களை எழுதுவதற்கு ஸ்டேஷன் எக்ஸ்எம்எல் என்ற உலகப் பொது வடிவம் ஏற்கெனவே இருக்கிறது, மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. வேண்டியது ஒழுங்கு ஒன்றுதான். கருவி மாறினால் பழைய விவரத்தை அழித்து எழுதக்கூடாது. அதற்கு முடிவுத் தேதியிட்டு மூடிவிட்டு, புதிய தேதியில் புதிய பதிவைத் தொடங்க வேண்டும். மலைக்குப் போகிறவர் திரும்புவதற்கு முன்பே கருவியின் வரிசை எண்ணைப் படம் எடுத்து மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதைக் கோப்பில் ஏற்றுவதற்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு பொதுமக்களுக்கும் திறந்திருந்தால், தவறு இருப்பின் கல்லூரி மாணவர் ஒருவரே சுட்டிக்காட்டிவிடுவார்.

நம் மலைகளுக்குப் புதிய நிலையங்கள் வரும்போது, திட்ட மதிப்பீட்டில் கருவி, மேடை, சூரியத் தகடு, வேலி என்று எழுதும் பட்டியலில், விவரப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்ற வரியையும் சேர்க்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பராமரிப்பாளர்,
பெருமாள்மலை, கொடைக்கானல் வட்டம்.