முதல் எபிசோடுக்கு நட்சத்திரம் போட வேண்டாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சினிமா பக்கத்தை வாராவாரம் விடாமல் படிக்கிறவன் நான். அந்தப் பக்கத்தில் அனிமேவுக்கும், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்கும், கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். சிறுவர் பகுதியில் வேண்டாம், சினிமா பக்கத்திலேயே கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் முதல் எபிசோடைப் பார்த்த கையோடு ஐந்துக்கு இரண்டரை, மூன்று என்று நட்சத்திரம் மட்டும் போட்டுவிட வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்பதை இந்த 2023 அக்டோபர் சீசனை வைத்தே விளக்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு ஆண்டு என்பது நான்கு சீசன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தொடர்கள் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு சீசனுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 13 எபிசோட், ஒவ்வொன்றும் 24 நிமிடம், அதில் ஓப்பனிங் பாட்டுக்கு ஒன்றரை நிமிடமும் எண்டிங் பாட்டுக்கு ஒன்றரை நிமிடமும் போய்விட்டால் கதைக்கு மிஞ்சுவது 21 நிமிடம்தான். இந்த 2023 அக்டோபரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொடர்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியாது. அதனால் தொடர்ந்து பார்ப்பதா விட்டுவிடுவதா என்பதை அந்த முதல் 21 நிமிடத்திலேயே பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஜப்பானில் இதற்குப் பெயர்களே இருக்கின்றன. மூன்றாவது எபிசோடோடு வெட்டிவிடுவது சன்வாகிரி. ஒன்றுகூடப் பார்க்காமல் போஸ்டரையும் டிரெய்லரையும் வைத்தே ஒதுக்கிவிடுவது ஜீரோவாகிரி. 2011 ஜனவரியில் தொடங்கிய மடோகா மாஜிகா தொடரில் மூன்றாவது எபிசோட் முடியும்போது அதுவரை நாம் பார்த்துக்கொண்டிருந்த கதையே வேறு என்று ஆகிவிட்டது, அன்றிலிருந்து 'எதையும் மூன்று எபிசோடாவது பார்த்துவிட்டுச் சொல்' என்பது ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அறிவுரை.

இந்த சீசனில் அந்த அவகாசத்தைத் தயாரிப்பாளர்களே நம்மிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஓஷி நோ கோ தொடரின் முதல் எபிசோட் 90 நிமிடம் ஓடியது நினைவிருக்கலாம். இப்போது ஃப்ரீரன். செப்டம்பர் 29 அன்று நிப்பான் டிவியில், வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு வழக்கமாகத் திரைப்படம் போடும் நேரத்தில், முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒளிபரப்பினார்கள். ஸ்டூடியோ கிப்லியின் அனிமேஷன் படங்களுக்குப் பேர் போன நிகழ்ச்சி அது. ஒரு டிவி அனிமே தொடர் அந்த இடத்தில் தொடங்கியது இதுவே முதல்முறை.

அந்த இரண்டு மணி நேரம் இந்தக் கதைக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மற்ற கதைகள் முடியும் இடத்தில்தான் ஃப்ரீரன் தொடங்குகிறது. அசுர மன்னனை வீழ்த்திவிட்டு நான்கு பேர் ஊர் திரும்புகிறார்கள்: வீரன் ஹிம்மெல், பாதிரியார் ஹைட்டர், குள்ள இனத்துப் போர்வீரன் ஐசன், நெடுங்காலம் வாழும் எல்ஃப் இனத்து மந்திரக்காரி ஃப்ரீரன். பத்து ஆண்டுப் பயணம் முடிந்த அன்று இரவு, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விண்கல் மழையை நால்வரும் சேர்ந்து பார்க்கிறார்கள். அடுத்த முறை இதைவிட நன்றாகத் தெரியும் இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன் என்று ஃப்ரீரன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவள், அவளுக்கு ஐம்பது ஆண்டு ஒரு பொருட்டே இல்லை. சொன்னபடி திரும்பியும் வருகிறாள். அதற்குள் ஹிம்மெல் தலை வழுக்கையாகி, குறுகிப்போன கிழவனாக நிற்கிறான். நால்வரும் போய் அந்த விண்கல் மழையைப் பார்க்கிறார்கள், அதன் பிறகு ஹிம்மெல் இறந்துவிடுகிறான். அடக்கத்தின்போது, இந்தப் பெண் முகத்தில் துக்கமே இல்லையே என்று கூட்டத்தில் முணுமுணுக்கிறார்கள். அப்போதுதான் அவள் உடைகிறாள், இந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே, ஏன் தெரிந்துகொள்ள முயலாமல் போனேன் என்று.

இதைப் பார்த்தபோது நான் நிறுத்திவிட்டேன். பல ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் வேலை செய்த ஒருவர் போன ஆண்டு இறந்துபோனார். அவருக்குப் பாட்டு எழுதும் பழக்கம் இருந்தது என்பதே அவர் போன பிறகு அவர் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் காட்டியிருப்பார், நான்தான் கேட்கவே இல்லை. நட்சத்திரம் போடுகிறவர்கள் இந்த மாதிரி ஒரு எபிசோடை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

சரி, முதல் எபிசோடே இவ்வளவு நன்றாக இருக்கும்போது அதைப் பார்த்தே பாராட்டி எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதலாம், ஆனால் பாதியைத்தான் எழுதியிருப்பீர்கள். முதல் எபிசோடை மட்டும் பார்த்தவர், இது வருத்தம் மட்டுமே உள்ள கதை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். மூன்றாவது எபிசோடில் குவால் என்ற அசுரன் வருகிறான். எண்பது ஆண்டுக்கு முன்பு யாராலும் தடுக்க முடியாத ஒரு கொலை மந்திரத்தைக் கண்டுபிடித்தவன். ஃப்ரீரனாலேயே வெல்ல முடியாமல், அவனை முத்திரையிட்டு அடைத்துத்தான் வைக்க முடிந்தது. எண்பது ஆண்டு கழித்து அவன் விழித்து எழுந்து பார்த்தால், அந்த மந்திரத்தை மனிதர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் படித்து, தடுக்கவும் கற்றுக்கொண்டு, இப்போது எல்லா மந்திரக்காரரும் பயன்படுத்தும் சாதாரணத் தாக்குதல் மந்திரமாக்கி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீரனின் இளம் சிஷ்யை ஃபெர்ன் அதை நின்ற இடத்திலேயே தடுக்கிறாள். காலம் போவது என்றால் ஒருவர் இறப்பது மட்டும்தானா, பயந்தது பாடமாவதும் அதில் சேர்த்திதானே! முதல் எபிசோடில் கண்ணீராக வந்த அதே விஷயம் இங்கே சண்டைக் காட்சியாக வருகிறது, முதலாவதோடு எழுந்து போனவருக்கு இது கிடைக்காது.

அப்புறம் தலைப்பு. ஜப்பானிய மொழியில் தொடரின் பெயர் சோசோ நோ ஃப்ரீரன். சோசோ என்றால் இறந்தவரை வழியனுப்புவது. முதல் எபிசோடில், நண்பனை வழியனுப்பியவள், இனியும் எல்லோரையும் வழியனுப்பப் போகிறவள் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அக்டோபர் 27 அன்று வந்த எட்டாவது எபிசோடில் அதே பெயரை அசுரர்கள் சொல்கிறார்கள், அவர்கள் வாயில் அது மிக அதிக அசுரர்களைப் புதைத்த மந்திரக்காரியின் பட்டம். எட்டு எபிசோடாக வாயில் வைத்துக்கொண்டிருந்த ஒரு சொல்லுக்கு இப்படி ஒரு முகம் இருந்தது தெரிந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் நாளே எழுதப்பட்ட எந்த விமர்சனத்திலும் இது இருக்க முடியாது.

இதன் இயக்குநர் கெய்ச்சிரோ சைட்டோ போன ஆண்டு வெளிவந்த பொச்சி தி ராக் தொடரை எடுத்தவர், ஸ்டூடியோ மேட்ஹவுஸ். ஈவான் கால் இசையமைத்திருக்கிறார், இசையை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் தெரிந்தவர் அவர். ஃப்ரீரனுக்குக் குரல் கொடுப்பவர் அட்சுமி தனேசாகி. இதே அக்டோபரில் இரண்டாவது சீசன் தொடங்கியிருக்கும் ஸ்பை ஃபேமிலியில் சிறுமி ஆன்யாவின் குரலும் அவருடையதுதான். அந்தக் கீச்சுக் குரலும் இந்த ஆயிரம் வயது நிதானமும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை எனக்கு யாரோ சொல்லியிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். ஸ்பை ஃபேமிலி பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. ஆன்யாவின் வளர்ப்புத் தாய் யோர் ஒரு காயத்தை மறைத்துக்கொண்டு கணவனோடு வெளியே போகும் முதல் எபிசோட் சிரிக்க வைத்தது, கதை ஓர் அடிகூட நகரவில்லை.

அடுத்தது தி அப்போதிகரி டயரீஸ், மருந்துப் பெண் மாவோமாவோவின் கதை. அக்டோபர் 22 அன்று மூன்று எபிசோடுகளாகச் சேர்த்துத் தொடங்கியது. பழைய சீன அரசவையைப் போன்ற ஒரு கற்பனை நாட்டில், கடத்தப்பட்டு அந்தப்புரத்தில் வேலைக்காரியாக விற்கப்பட்ட பெண் அவள். அரசனின் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று எல்லோரும் சாபம் சாபம் என்று பேசிக்கொண்டிருக்க, முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பவுடரில் உள்ள விஷம்தான் காரணம் என்று இவள் கண்டுபிடித்து, பெயர் சொல்லாமல் எழுதி வைத்துவிட்டு ஒதுங்குகிறாள். அவளை அந்தப்புர அதிகாரி ஜின்ஷி பிடிக்கும் விதம்தான் அழகு. வேலைக்காரிகள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறான், முகத்தில் புள்ளி உள்ளவள் மட்டும் நிற்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்று. படிக்கத் தெரிந்ததால் இவள் மாட்டிக்கொள்கிறாள். எழுத்தறிவு ஒரு பெண்ணுக்கு ஆபத்தாக இருந்த உலகம் அது என்பதை ஒரு வரிகூட வசனம் இல்லாமல் காட்டிவிட்டார்கள். ஈயம் கலந்த முகப்பவுடர் வரலாற்றில் உண்மையாகவே இருந்தது, ஜப்பானிலும் இருந்தது, அதனால் இது சும்மா கற்பனை இல்லை. மாவோமாவோவுக்குக் குரல் கொடுப்பவர் அவோய் யூகி, 2011-ல் மடோகாவாகப் பேசிய அதே நடிகை. விஷத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலரும் இடங்களில் அவர் குரலைக் கேளுங்கள். முதல் எபிசோடில் ஒரு மர்மக் கதை போலத் தெரிகிறது. மூன்று எபிசோடும் பார்த்தால், வெளியே போகவே வழி இல்லாத ஓர் இடத்தில் அடைக்கப்பட்ட பெண்களின் கதை இது என்று தெரியும்.

புளூட்டோ விஷயம் வேறு. அக்டோபர் 26 அன்று நெட்ஃபிளிக்ஸில் எட்டு எபிசோடும் மொத்தமாக வந்துவிட்டன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒசாமு தெசுகா 1960-களில் ஆஸ்ட்ரோ பாய் படக்கதையில் எழுதிய ஒரு கதையை எடுத்து நவோகி உராசாவா 2003-லிருந்து 2009 வரை மாங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக, வரைந்தது இது. இங்கே முதல் எபிசோட் மட்டுமே ஒரு முழுச் சிறுகதை. போரில் ஏராளமான ரோபோக்களை அழித்த ஒரு ராணுவ ரோபோ, ஸ்காட்லாந்தில் பார்வையற்ற இசையமைப்பாளர் ஒருவரிடம் வேலைக்காரனாகச் சேர்ந்து, எனக்கு பியானோ கற்றுக்கொள்ள வேண்டும், இனிமேல் போருக்குப் போக விரும்பவில்லை என்கிறது. அந்தக் கிழவர் விரட்டுகிறார், திட்டுகிறார், கடைசியில் அதற்காகக் காத்திருக்கிறார். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். இது ஒன்றுக்கு வேண்டுமானால் முதல் எபிசோடை வைத்தே எழுதலாம்.

மிகி அண்டு டாலி என்ற சின்னத் தொடரையும் யாராவது கவனிக்க வேண்டும். ஒரே பையன் போல நடித்து ஒரு வீட்டுக்குத் தத்துப் போகும் இரட்டையர்கள், சிரிப்பும் அச்சமும் கலந்து வருகிறது. இதன் மூல மாங்காவை வரைந்த நமி சானோ ஆகஸ்ட் மாதம் 36 வயதில் இறந்துவிட்டார். அக்டோபர் 2 அன்று தொடர் தொடங்கியபோது பார்க்க அவர் இல்லை. இதை ஜீரோவாகிரி செய்தவர்கள் தயவுசெய்து இன்னொரு முறை யோசியுங்கள்.

எனக்கும் பொறுமை தீர்ந்துபோன தொடர்கள் உண்டு. வேறோர் உலகத்தில் மறுபிறவி எடுத்து, முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாச் சக்தியும் கிடைத்து, வீடியோ கேம் போலத் திரையில் எண்கள் ஓடும் கதைகள் இந்த சீசனிலும் இருக்கின்றன, இரண்டு மூன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். விளையாட்டு உலகம்தான் வேண்டுமென்றால் ஷாங்க்ரிலா ஃப்ரன்டியர் இருக்கிறது. மோசமான கேம்களையே தேடித்தேடி விளையாடும் ஒருவன் முதல்முறையாக ஒரு நல்ல கேமுக்குள் போகிறான், அவனுக்கு அதில் இருக்கும் ஆசை நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது மாதம் ஒருமுறை அரைப்பக்கம். தொடர் தொடங்கியதும் எழுதுங்கள், முதல் பார்வையில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், நான் மேலே செய்திருப்பதும் அதைத்தானே. மதிப்பெண்ணை மட்டும் தொடர் முடியும்வரை தள்ளி வையுங்கள். தமிழில் எழுதினால், இதைப் பார்க்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார வாய்ப்பு இருக்கிறது.

ஃப்ரீரனின் ஒன்பதாவது எபிசோட் நவம்பர் 3, வெள்ளிக்கிழமை வருகிறது. முதல் எட்டையும் பார்க்க மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் விமர்சகர்களில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அதற்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்