அமெரிக்கன் வாறானாம்

ஸ்காபரோ
ஆகஸ்ட் 30, 2013

அன்புள்ள மச்சான்,

நான் சுகம். நீயும் வீட்டாரும் சுகம் எண்டு நினைக்கிறன். பெரியவளுக்கு யூனிவேர்சிற்றி கிடைச்சது கேள்விப்பட்டிருப்பாய். மனிசியின்ர முழங்கால் பழையபடிதான். கனகாலம் எழுதேல்லை எண்டு நீ திட்ட முதல் நான் உன்னைத் திட்ட வேணும், அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

என்ர போன் கடையை அமெரிக்கன் கொம்பனி ஒண்டு கோடிக்கணக்கில வாங்கப் போகுதெண்டு கொக்குவிலில கதையாம். உன்ர அக்கா கோயில் வீதியில அம்மாவை மறிச்சு, "தம்பிக்கு இனி வேலைக்குப் போகத் தேவையில்லையாமே" எண்டு கேட்டவவாம். அம்மாவும் பெருமையில ஓமோம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டா. அடுத்த நாளே எங்கட சோடாப்புட்டியிட்டை இருந்து, மோட்டச்சைக்கிள் வாங்க ஒரு சின்ன உதவி எண்டு எனக்கு மெசேஜ். அவன் என்னட்டைக் கடைசியாக் கேட்ட "சின்ன உதவி" எங்க போய் முடிஞ்சது எண்டு உனக்குத் தெரியும். வெரைசன் எண்டது அமெரிக்காவின்ர பெரிய போன் கொம்பனி. "வெரைசன் வந்து வாங்கினால் எங்கட பாடு என்னவோ" எண்டு நான் வைபரில சொன்னது உனக்கு மட்டும்தான். உன்ர வாயைத் தாண்டி அது எப்பிடிக் கோயிலுக்குப் போனது எண்டு நீயே விசாரிச்சு எழுது.

கதை இதுதான். இஞ்ச கனடாவில ரோஜர்ஸ், பெல், ரெலஸ் எண்டு மூண்டு பெரிய போன் கொம்பனிக்காரர். போன் வைச்சிருக்கிற சனத்தில 90 வீதத்துக்கு மேல இந்த மூண்டு பேரின்ர ஆக்கள். வேற பேருகளும் கடைத்தெருவில தொங்கும். ஃபைடோ எண்டு பாத்தால் அது ரோஜர்ஸ். கூடோ எண்டு பாத்தால் ரெலஸ். வேர்ஜின் எண்டு பாத்தால் பெல். ஒருத்தனோட கோவிச்சுக்கொண்டு அடுத்த கடைக்குப் போற சனம், அவன்ர தம்பியிட்டைப் போய்க் கையெழுத்து வைக்குது. அதுவும் மூண்டு வருசக் கொன்ட்ராக்ட். வாற அழைப்புக்கும் நிமிசம் கழிப்பான். ஆர் எடுக்கிறான் எண்டு திரையில காட்டுறதுக்கும் தனிக்காசு. நீ முந்திச் சிரிப்பாயே, கனடாக்காரர் ஏன் "ஒன்பது மணிக்குப் பிறகு எடு" எண்டு சொல்லுறவை எண்டு. இரவு நிமிசம் சும்மா, அதுதான்.

2008இல அரசாங்கம் புது ஆக்களுக்கெண்டு அலைவரிசை ஒதுக்கி ஏலம் விட்டதில விண்ட், மொபிலிசிட்டி, பப்ளிக் எண்டு சின்னக் கொம்பனியள் வந்தது. அப்பிடி ஒண்டின்ர சிம்தான் நான் விக்கிறன். போன் காட் வித்த காலத்தில இருந்து என்னட்டை வாற சனம்தான் அதையும் வாங்கினது. 40 டொலருக்கு எவ்வளவும் கதைக்கலாம், டேற்றாவும் உண்டு, கொன்ட்ராக்ட் இல்லை. புதுசா வந்து இறங்கின பெடியனுக்கு ஆரும் கடன் மதிப்புப் பாக்கிறதுமில்லை. ஆனால் மச்சான், பேஸ்மென்றுக்குள்ள சிக்னல் விழாது. எங்கட சனம் இந்த நாட்டில வாழத் தொடங்கினதே பேஸ்மென்றில. பகல் முழுக்க நான் விக்கிற சிம்மை இரவில கொண்டுவந்து மேசையில வைச்சு, "அண்ணை, படியில ஏறி நிண்டுதான் ஊருக்குக் கதைக்கிறன்" எண்டு சொல்லுவாங்கள். மொன்றியல் பக்கம் கார் விட்டால் ரோமிங் எண்டு தனிக்கணக்கு ஓடத் தொடங்கிடும்.

அதால வாற தையில நடக்கப்போற ஏலத்தில எனக்கும் ஒரு கண். 700 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை ஏலம். பழைய ரிவி சனல்கள் ஓடின இடம், டிஜிற்றலுக்கு மாறினதில வெறுமையாப் போச்சு. அது சுவருக்குள்ளால போகும், பேஸ்மென்றுக்குள்ளயும் இறங்கும், ஒரு கோபுரத்திலயிருந்து கன தூரம் ஓடும். சின்னக் கொம்பனியளிட்டை அதை வாங்கக் காசில்லை. மொபிலிசிட்டியை வாங்க ரெலஸ் 380 மில்லியனோட வந்தது, யூன் மாசம் அரசாங்கம் ஏலாது எண்டிட்டுது. நாலாவது ஆள் வேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கினம்.

அந்த நேரம் பாத்துப் பத்திரிகையில வந்துது, விண்டை வாங்க வெரைசன் 700 மில்லியன் டொலர் பேசுறானாம் எண்டு. அண்டைக்கே மூண்டு பேரின்ர பங்கும் விழுந்துது. அதுக்குப் பிறகு இந்தக் கோடை முழுக்க வெரைசன்தான். ரேடியோவைத் திறந்தால் வெரைசன், பேப்பரில பக்கம் பக்கமா வெரைசன். வந்ததோ ஒருத்தரும் இல்லை! சம்பந்தமே பேசி முடியாமல் தெருவெல்லாம் பந்தல் போட்ட மாதிரி ஒரு நாடு நிக்குது.

மூண்டு பேரும் சேர்ந்து "கனடாவுக்கு நியாயம்" எண்டு ஒரு பிரச்சாரம் நடத்தினம். பெல்லின்ர தலைவர் ஜோர்ஜ் கோப் நாட்டுச் சனம் எல்லாத்துக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவை சொல்லுற சட்ட ஓட்டை மூண்டு. ஏலத்தில நல்ல அலைவரிசைத் துண்டு நாலு இருக்கு, பெரியாக்கள் ஆளுக்கு ஒண்டுதான் எடுக்கலாம், புது ஆளெண்டால் ரெண்டு எடுக்கலாம், வெரைசனும் புது ஆளாம். தங்கட கோபுரத்திலயும் அவன் ஏறி ஓடலாமாம். தாங்கள் வாங்க ஏலாத சின்னக் கொம்பனியளை அவன் வாங்கலாமாம். கேக்க நியாயம் மாதிரித்தான் இருக்கு. ஆனால் இவ்வளவு நாளும் அந்தச் சின்னக் கொம்பனியளுக்குக் கோபுரத்தில இடம் குடுக்க என்ன பாடு படுத்தினவை எண்டு எனக்கெல்லோ தெரியும். இப்ப கொடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். தொழில்துறை அமைச்சர் ஜேம்ஸ் மூர் கேக்கிறதாத் தெரியேல்லை.

இதில பம்பல் என்னெண்டால் தொழிற்சங்கமும் முதலாளியோட சேர்ந்து வேலை போகுது எண்டு நிக்குது. அதை ரிவியில பாத்த உடன எனக்கு நீதான் ஞாபகம். 1997இல சிறீலங்கா ரெலிகொம்மில 35 வீதத்தை ஜப்பான்காரனுக்குக் குடுக்கேக்க நீயும் கிளாக்கரும் கொழும்பில தொண்டை கட்டக் கத்தினது மறக்கேல்லை. "தேசத்தின்ர சொத்து" எண்டு எனக்கு ஆறு பக்கம் எழுதினாய். பிறகு, லைனுக்கு வருசக்கணக்காக் காத்திருந்த சனத்துக்கு லைன் கிடைச்ச உடன, ஜப்பான்காரன்ர ஒழுங்கைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினாய். ரெண்டு கடிதமும் என்னட்டை இருக்கு. உன்ர மகன்ர கலியாணத்தில வாசிக்கலாம் எண்டு வைச்சிருக்கிறன்.

எங்களுக்கு வெளிநாட்டுக் கொம்பனி எண்டால் ஒரு புதினமும் இல்லை, என்ன? டயலொக்குக்குப் பின்னால மலேசியா, எதிசலாத் அபுதாபி, ஹட்ச் ஹொங்கொங். 2009 தையில, அந்த நேரத்தில, இந்தியாவில இருந்து எயார்ரெல்லும் வந்துது. வன்னியில சனம் என்ன பாடு பட்டுக்கொண்டிருந்தது, கொழும்பில சுவரெல்லாம் சிவப்பு விளம்பரம் எண்டு நீ சொன்னது எனக்கு இண்டைக்கும் உள்ளுக்குக் குத்தும். அதை விடு. எல்லாரும் அடிபட்டு விலையை இறக்கி இறக்கி, 2010இல தொலைத்தொடர்பு ஆணைக்குழு தலையிட்டு இதுக்குக் கீழ போகாதேயுங்கோ எண்டு அடிவிலை கட்ட வேண்டி வந்தது. உங்க விலை விழாமல் முட்டுக் குடுக்கினம். இஞ்ச விலையை விழுத்த ஆள் தேடுகினம்.

ஆனால் கடையில நிண்டு நான் எல்லாரிட்டையும் சொல்லுறதும், ஒருத்தரும் கேளாததும் ஒண்டுதான். எயார்ரெல் உங்க வந்தது வாடிக்கையாளர் இல்லாத ஆளாத்தான். ஆள் சேர்க்க விலையை வெட்டினான். வெரைசன் தன்ர நாட்டிலயே மலிவுக்காரன் இல்லை. அங்க விலை கூடின ஆள் அவன். மலிவு பாக்கிறவை ரீ-மொபைலுக்குப் போவினம். நூறு மில்லியனுக்குக் கிட்ட ஆள் வைச்சிருக்கிறவன் ஸ்காபரோவில பேஸ்மென்றில இருக்கிற பெடியனுக்கு 40 டொலருக்குக் குடுக்கவோ வாறான்? வந்தாலும் பெரிய கணக்குக்காரரைத்தான் பிடிப்பான்.

இன்னொண்டு கேள். அவன் புது ஆளே இல்லை. ரெலஸில சுமார் 20 வீதம் வெரைசனின்ரையாத்தான் இருந்தது. 2004 கடைசியில வித்துப்போட்டுப் போனவன். நான் இஞ்ச வந்த புதுசில ரோஜர்ஸின்ர பலகையிலயும் அமெரிக்கன் கொம்பனி ஏ.ரி.அன்.ரி.யின்ர பேர் இருந்தது, அவனும் போயிட்டான். விண்டுக்கு எகிப்துக்காரன் சவீரிஸ் காசு போட்டவர். அது கனடாக் கொம்பனியே இல்லை எண்டு கனடாவின்ர தொலைத்தொடர்பு ஆணைக்குழு சீஆர்ரீசீ 2009இல மறிச்சு, அமைச்சரவை அதை வெட்டித் திறந்து விட்டது. பிறகு அந்த மனிசனே, இஞ்ச காசு போட்டதுக்கு வருந்துறன் எண்டு வெளியில சொன்னவர். வந்தவை எல்லாம் போன வழியைப் பாத்திட்டும் இந்தச் சனம் வாசலைப் பாத்துக்கொண்டு நிக்குது.

அந்த நிக்கிறதுதான் மச்சான் என்னைக் கொல்லுது. கோடைதான் எனக்கு உழைப்பு. மாணவர் வாற காலம், ஊரில இருந்து விருந்தாளியள் வாற காலம். இந்த முறை வந்து போனைத் தூக்கிப் பாத்திட்டு, "வெரைசன் வரட்டும் அண்ணை, பாத்து எடுக்கிறம்" எண்டு வைச்சிட்டுப் போறாங்கள். வராதவன் என்ர கடையில ஆளெடுக்கிறான். ஒரு கிழவர் மட்டும் வேற காரணம் சொன்னார். அமெரிக்க அரசாங்கத்துக்கு வெரைசன் போன் கணக்கு முழுக்கக் குடுத்தது எண்டு அந்த ஸ்னோடன் பெடியன் வெளியில விட்டவனெல்லோ, அதால வேண்டாமாம். ஐயாவின்ர போனை ஒட்டுக் கேட்டால் சீட்டுக்காசும் மரக்கறி விலையும்தான் மிஞ்சும்.

விண்டையோ மற்றதையோ அவன் வாங்கினால் என்னைப் போல ஆக்களின்ர கதி என்ன? ஒருத்தரும் பேசுறதில்லை. பேப்பரில வாடிக்கையாளர் இருக்கினம், பங்குக்காரர் இருக்கினம், தொழிற்சங்கம் இருக்கு, பிளாசாவில ஒற்றை ஷட்டர் கடை வைச்சிருக்கிறவன் இல்லை. வாங்கிறவன் தன்ர கண்ணாடிக் கடையைத் திறப்பான், எங்கட ஒப்பந்தம் முப்பது நாள் நோட்டீசில முடியும், அது அதிலயே எழுதிக்கிடக்கு. நான் பிடிச்சுக் குடுத்த ஆள் ஆறு மாசத்துக்குள்ள விட்டிட்டுப் போனால் கமிஷனையும் திருப்பி எடுப்பாங்கள். கட்டடக்காரர் ஐஞ்சு வருச லீஸைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறார். கையெழுத்து வைக்கவா விடவா எண்டு ரெண்டு மாசமா இழுக்கிறன். மனிசியிட்டைச் சொல்லேல்லை. அவ நித்திரை கொள்ளட்டும்.

வாடிக்கையாள் வந்திட்டுது. பேந்து எழுதுறன்.

செப்ரெம்பர் 3

மச்சான், கடிதம் அனுப்பாமல் கிடந்ததும் நல்லதாப் போச்சு. அவன் வரேல்லை!

நேற்று இஞ்ச தொழிலாளர் தினம், கடை பூட்டு. பின்வளவில இறைச்சி வாட்டிக்கொண்டு நிக்க மருமகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். வெரைசனின்ர தலைவர் மக்காடம், கனடாவுக்குப் போறதா இல்லை எண்டு சொல்லிப்போட்டார். அந்த மனிசன்ர கண் முழுக்க வேற பக்கத்தில. தன்ர வயர்லெஸ் கொம்பனியில வோடபோன் வைச்சிருந்த 45 வீதத்தை 130 பில்லியன் டொலருக்கு வாங்கிறாராம். அந்தக் கணக்குக்கு முன்னால எங்கட 700 மில்லியன் என்ன காசு? பேச்சு நடந்ததுதான், ஆனால் இந்த நாடு அழுததும் சிரிச்சதும் அந்தாளுக்கு ஒரு பொருட்டே இல்லாமல் கூட இருந்திருக்கும்.

இண்டைக்குக் காலமை சந்தை திறந்த உடன மூண்டு பேரின்ர பங்கும் எகிறிப் போச்சு. அரசாங்கம் ஏலத்தை நிப்பாட்டாதாம், அதே விதி, அதே திகதி. அந்த 700இல எங்கட சின்ன ஆக்களுக்கு ஏதும் மிஞ்சுமோ எண்டு எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. மார்கழி 2ஆம் திகதியில இருந்து புதுச் சட்டம் மட்டும் நிச்சயம். ரெண்டு வருசத்துக்குப் பிறகு தண்டம் கட்டாமல் கொன்ட்ராக்டை முறிக்கலாம். அதுக்கும் மூண்டு பேரும் இப்பவே மாதக் காசைக் கூட்டித் தயாராயிட்டினம், கெட்டிக்காரர்.

பத்து மணிக்கு முதல் ஆள் வந்தான், போன மாசம் "பாத்து எடுக்கிறம்" எண்டு போனவன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இப்ப என்னண்ணை பிளான் இருக்கு" எண்டான். பழைய 40 டொலர் பிளான்தான், குடுத்தனான். பேஸ்மென்றிலயோ இருக்கிறாய் எண்டு கேட்டு, ஜன்னல் ஓரமாக் கட்டிலைப் போடச் சொல்லியும் விட்டனான்.

லீஸ் விசயம், ஐஞ்சு வருசம் ஏலாது, ஒரு வருசம் எண்டு கேட்டுப் பாக்கப் போறன். கட்டடக்காரர் சம்மதிக்காட்டில் வேற இடம் பாக்கிறதுதான். மனிசிக்கும் இண்டைக்கு இரவு சொல்லுறன். நீ முந்தின மாதிரி ஆறு பக்கத்துக்குப் புத்தி எழுதாமல், கணக்குத் தெரிஞ்ச மனிசனா எனக்கு ஒரு பதில் போடு. அப்பிடிப்பட்ட இடத்தில நீயெண்டால் வைப்பியோ, விடுவியோ?

மார்கழிக் கடைசியில நான் வாறன், ரிக்கற் போட்டாச்சு. அம்மாவுக்குச் சொல்லாதை, அவ இப்பவே அறையைக் கூட்டத் தொடங்கிடுவா. வந்து இறங்கின உடன பாவிக்க உன்ர அடையாள அட்டையில ஒரு சிம் எடுத்து வை. மலேசியாவோ அபுதாபியோ இந்தியாவோ, எது கொக்குவிலில வீட்டுக்குள்ள இருந்து கதைக்க வடிவா வேலை செய்யுதோ அதை எடு. காசைக் கையில தாறன், சோடாப்புட்டிக்குத் தெரியாமல்.

அன்புடன்,
உன்ர மச்சான்